வானம் தோண்டும் முன் வரைபடத்தைப் பாருங்கள்: தேங்காய்ப்பட்டணம் பகுதி விவசாயிகளுக்கு



இந்தப் பக்கத்தில் வழக்கமாக தென்னைக்கு உரம் வைப்பது, வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துவது, வேரில் மருந்து கட்டுவது பற்றித்தான் எழுதுவேன். இந்த முறை வீடு கட்டுவது பற்றி எழுதுகிறேன். ஒரு தென்னைப் பயிற்சி முகாமில் நடந்த பேச்சுதான் அதற்குக் காரணம்.

பயிற்சி முடிந்ததும் ஒரு பெரியவர் தனியாக வந்து ஒரு நோட்டீஸைக் காட்டினார். தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஏ.வி.எம். கால்வாய்க் கரையில் அவருக்கு ஒரு விளை இருக்கிறது. வளைகுடாவில் இருக்கும் மகன் அனுப்பிய பணத்தில் அதில் வீடு கட்டத் தொடங்கி, லிண்டில் மட்டம் வரை வந்துவிட்டது. அப்போதுதான் வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. "பஞ்சாயத்துல பிளான் பாஸாயி, பணமும் கெட்டியாச்சு. பொறவு என்னத்துக்கு சார் நோட்டீஸ்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. உங்களில் பலருக்கும் இதே எண்ணம் இருக்கும் என்பதால் பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

2024-இல் வந்த மூன்று செய்திகள்

2024-ஆம் ஆண்டின் பிற்பாதியில், ஐந்து மாதங்களுக்குள், கட்டட அனுமதி தொடர்பாக மூன்று முக்கியமான செய்திகள் வந்தன. தனித்தனியாகப் படித்தால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தெரியும். சேர்த்துப் படித்தால்தான் நமக்கு என்ன மாறியிருக்கிறது என்பது புரியும்.

முதலாவது, ஜூலை 22, 2024 அன்று தமிழக அரசு தொடங்கிய சுயசான்று திட்டம். மனை 2,500 சதுர அடிக்குள்ளும் கட்டடம் 3,500 சதுர அடிக்குள்ளும் இருந்து, தரைத்தளம் மட்டுமோ அதற்கு மேல் ஒரு மாடியோ கட்டுவதானால், இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். நம் கணக்கில் 2,500 சதுர அடி என்பது ஏறத்தாழ ஐந்தே முக்கால் சென்ட். மனை அதைவிடப் பெரிதாக இருந்தால் வழக்கமான முறையில் விண்ணப்பிக்க வேண்டும்.

இரண்டாவது, நவம்பர் 13, 2024 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. முன்னறிவிப்பு இல்லாமல் புல்டோசர் கொண்டு வீடுகளை இடிக்கக் கூடாது என்பது அதன் சாரம். 15 நாள் அவகாசத்துடன் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். உரிமையாளரை நேரில் அழைத்து விளக்கம் கேட்க வேண்டும். இடிக்க உத்தரவிட்ட பிறகும் மேல்முறையீடு செய்யவோ தாமே அகற்றிக்கொள்ளவோ 15 நாள் தர வேண்டும். சாலை, நடைபாதை, ஆறு, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள கட்டடங்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

மூன்றாவது, டிசம்பர் 17, 2024 அன்று வந்த இன்னொரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில், குடியிருப்பு மனையில் விதியை மீறிக் கட்டிய கடைகள் பற்றிய வழக்கு அது. கட்டிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன, நிறையப் பணம் போட்டாகிவிட்டது, அதிகாரிகள் இத்தனை நாள் கேட்கவில்லை என்பவை எதுவும் மீறலைச் சரியாக்கிவிடாது என்று நீதிமன்றம் சொன்னது. நிறைவுச் சான்றைப் பார்த்த பிறகே மின்சாரம், குடிநீர் இணைப்புகளைத் தர வேண்டும், வங்கிகள் கட்டடத்தின் மீது கடன் தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. தமிழக விதிகளில் சிறிய வீடுகளுக்கு நிறைவுச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு சான்றுக்கு மட்டும்தான், அனுமதிக்கு இல்லை.

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். அனுமதி வாங்குவது எளிதாகிவிட்டது. மீறினால் தப்புவது கடினமாகிவிட்டது. இடையில் இருந்த சரிபார்க்கும் வேலை நம் தலைக்கு வந்துவிட்டது. முன்பு ஒருவர் வந்து இடத்தைப் பார்த்து, "இங்கே கட்ட முடியாது" என்று சொல்ல வாய்ப்பு இருந்தது. இப்போது நாம் கொடுக்கும் உறுதிமொழியை நம்பி அனுமதி வருகிறது. தகவல் தவறாக இருந்தால் அனுமதி ரத்தாகும், பொறுப்பும் நம்முடையது.

உள்ளாட்சி அனுமதி மட்டும் போதாத இடங்கள்

கொச்சி அருகே உள்ள மரடு பலருக்கும் நினைவிருக்கும். காயல் கரையில் இருந்த நான்கு அடுக்குமாடித் தொகுப்புகளை 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். 300-க்கும் மேற்பட்ட வீடுகள் போயின.

அவை அனுமதி இல்லாமல் கட்டப்பட்டவை அல்ல. அன்று மரடு ஊராட்சியாக இருந்தது. 2006-இல் அந்த ஊராட்சி கட்டட அனுமதி கொடுத்திருந்தது. ஆனால் அந்த இடம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள், அதாவது நாம் சி.ஆர்.இசட். என்று சொல்லும் பகுதிக்குள் இருந்தது. அங்கே கட்ட மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் ஒப்புதலும் தேவை. அதை யாரும் வாங்கவில்லை. 2019 மே 8 அன்று உச்ச நீதிமன்றம் இடிக்க உத்தரவிட்டது. மரடு நகராட்சி ஆகிவிட்டது, இப்போது அந்தப் பகுதியின் வகைப்பாடே வேறு என்ற வாதம் எடுபடவில்லை. வீட்டுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது நீதிமன்றம். வீடுகள் மட்டும் திரும்ப வரவில்லை.

அவை பெரிய கட்டுமான நிறுவனங்கள், நம்முடையது சின்ன வீடு என்று நினைக்கலாம். சட்டம் கட்டடத்தின் அளவை இரண்டாவதாகத்தான் பார்க்கிறது. முதலில் பார்ப்பது இடத்தை. தேங்காய்ப்பட்டணத்தின் இடமோ மரடுவைவிடச் சிக்கலானது. ஒரு பக்கம் கடல். குழித்துறை தாமிரபரணி கடலில் சேரும் பொழிமுகமும் மீன்பிடித் துறைமுகமும் ஒரு பக்கம். திருவிதாங்கூர் காலத்தில் வெட்டிய ஏ.வி.எம். கால்வாய் இன்னொரு பக்கம். மூன்றுமே உப்புநீர் ஏறி இறங்கும் நீர்.

முதல் கேள்வி: உப்புநீர் எவ்வளவு தூரத்தில்?

கடலோர ஒழுங்குமுறை விதிகள் முதலில் 1991 பிப்ரவரி 19 அன்று வந்தன. 2011 ஜனவரி 6-இல் ஒரு முறையும் 2019 ஜனவரி 18-இல் ஒரு முறையும் மாற்றி எழுதப்பட்டன. தூரங்களை அளப்பது கடல் அலை நிற்கும் இடத்திலிருந்து அல்ல. அரசு குறித்து வைத்திருக்கும் உயர் அலைக் கோட்டிலிருந்து.

கடலிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை இந்த விதிகள் செல்லும். 2011 விதியின்படி, ஊரகக் கடலோரத்தில் முதல் 200 மீட்டர் புதுக் கட்டடம் கூடாத பகுதி. மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோர மக்களின் குடியிருப்புகளுக்கு, உரிய ஒப்புதலுடன் 100 முதல் 200 மீட்டருக்குள் இடம் உண்டு. 200 முதல் 500 மீட்டருக்குள், ஏற்கெனவே உள்ள குடியிருப்புகளின் மரபு உரிமைக்கு உட்பட்டு வீடு கட்டலாம். உயரம் 9 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, தரையும் ஒரு மாடியும்தான்.

2019 விதி இதைத் தளர்த்தியது. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகப் பகுதிகளில் 200 மீட்டர் 50 மீட்டராகக் குறைந்தது. ஆனால் 2019 விதியின்படி தயாரித்த கடலோர மேலாண்மை வரைபடம் அந்த மாவட்டத்துக்கு ஒப்புதல் பெற்ற பிறகுதான் இந்தத் தளர்வு நடைமுறைக்கு வரும். அதனால் டீக்கடையில் யாராவது "இப்போ 50 மீட்டர்தான்" என்று சொன்னால் அதை நம்பி வானம் தோண்டாதீர்கள். உங்கள் சர்வே எண்ணுக்கு இன்று எந்த வரைபடம் செல்லும் என்பதை அலுவலகத்தில் கேளுங்கள்.

ஆறும் கால்வாயும் இருக்கும் பக்கத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கடல் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, நமக்கு என்ன என்று நினைக்கிறார்கள். வேலியேற்றத்தில் உப்புநீர் ஏறும் ஆறு, கால்வாய், காயல் எல்லாவற்றின் கரைக்கும் இந்த விதி உண்டு. எது வரை உப்புநீர் என்று முடிவு செய்ய ஓர் அளவுகோல் இருக்கிறது. ஆண்டின் மிக வறண்ட காலத்தில் ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் உப்பு இருக்கும் இடம் வரை. கோடையில் உங்கள் பக்கத்துக் கால்வாய்த் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கிறதா? அப்படியானால் விதி அங்கேயும் இருக்கலாம் என்று எச்சரிக்கையாக இருங்கள்.

பயப்படவும் வேண்டாம். கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதற்கு 2011 விதி 100 மீட்டர் என்றும் 2019 விதி 50 மீட்டர் என்றும் சொல்கிறது. ஆனால் இரண்டுமே, அந்த நீர்வழியின் அகலம் அதைவிடக் குறைவாக இருந்தால் அகலத்தையே எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன. கால்வாய் 12 மீட்டர் அகலம் என்றால் 12 மீட்டர் விட்டால் போதும்.

அந்தப் பெரியவரின் கதை இதில்தான் இருக்கிறது. அவர் விளை கடலிலிருந்து 500 மீட்டருக்கு அப்பால். கால்வாய் அந்த இடத்தில் ஏறத்தாழ 12 மீட்டர். வீட்டின் பின்சுவர் கரையிலிருந்து 9 மீட்டரில் நிற்கிறது. இன்னும் 3 மீட்டர் முன்னால் தள்ளியிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. ஏன் தள்ளவில்லை என்று கேட்டேன். அங்கே நல்ல காய்ப்பில் இரண்டு தென்னை நின்றதாம், வெட்ட மனம் வரவில்லையாம். தென்னை வளர்க்கும் எவருக்கும் அந்த மனம் புரியும். ஆனால் இரண்டு தென்னையின் விலை இன்று ஒரு வீட்டின் விலை ஆகிவிட்டது.

கிணறு, மணல் பற்றியும் ஒரு வார்த்தை

இதே விதிகளில் விவசாயிக்கு நேரடியாகப் பொருந்தும் பகுதி நிலத்தடி நீர். 2011 விதியின்படி உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் பொதுவாக நிலத்தடி நீர் எடுக்கக் கூடாது. 200 முதல் 500 மீட்டருக்குள், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில், குடிக்கவும் தோட்டத்துக்கும் மீன்பிடித் தேவைக்கும் சாதாரணக் கிணற்றிலிருந்து கையால் இறைத்துக்கொள்ளலாம்.

இது வெறும் கெடுபிடி இல்லை. கடலோர மணலுக்குள் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் இருந்தால், அதன் கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு நன்னீர் தாங்கும். வீடு கட்டும் வேகத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டாரில் இழுத்து அந்த ஓர் அடியைக் குறைத்தால், கீழிருந்து உப்புநீர் 40 அடி மேலே வரும். உங்கள் கிணறு மட்டுமல்ல, அடுத்த விளைக்காரர் கிணறும் கரிக்கும். தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும். ஊடுபயிராக இருக்கும் வாழை தாங்காது.

அடித்தளத்தை நிரப்பக் கடற்கரை மணலையோ மணல் மேட்டையோ அள்ளுவதும் தடை செய்யப்பட்டது. லாரிக்காரர் கொண்டு வந்து தட்டினாலும், எங்கே எடுத்த மண் என்று கேட்டு, ரசீது வாங்கி வையுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். கட்டடம் கூடாத பகுதியிலும் விவசாயம் செய்யலாம். தென்னையும் தோட்டமும் அங்கே அனுமதிக்கப்பட்டவை. நிலம் வீணாகிவிட்டது என்று யாராவது பயமுறுத்தி அடிமாட்டு விலைக்குக் கேட்டால் ஏமாறாதீர்கள்.

இரண்டாவது கேள்வி: நிலம் வயலா, விளையா?

உப்புநீர் இல்லாத இடத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி முக்கியம். மேற்கே எல்லை தாண்டி நெய்யாற்றின்கரை, பூவாறு பக்கம் உறவினர் இருப்பவர்களுக்குத் தெரியும், கேரளத்தில் 2008 முதல் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. நம் பக்கம் அந்தச் சட்டம் இல்லை. அதனால் இங்கே வயலை எப்படியும் நிரத்தலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

முழுமைத் திட்டம் இல்லாத பகுதிகளில் விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற, தமிழகத்தில் 2017-இல் தனி விதிகள் வந்தன. நகர் ஊரமைப்புத் துறையின் இசைவு வேண்டும். நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும், அதற்கு வேளாண்மை இணை இயக்குநரின் கருத்தும் கேட்கப்படும். வயலில் பத்து ஆண்டாகத் தென்னையோ வாழையோ நிற்கிறது என்பதால் அது புஞ்சை ஆகிவிடாது. அ-பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் கணக்கு.

வேளாண்மை படித்தவன் என்ற முறையிலும் ஒன்று சொல்ல வேண்டும். ஏலாவின் நடுவில் ஒருவர் நிரத்தினால் மேலே உள்ள வயலில் தண்ணீர் தேங்கும், கீழே உள்ள வயலுக்குத் தண்ணீர் போகாது. இரண்டு பேரும் நெல்லை விட்டுவிடுவார்கள். மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் நிரத்திக் கட்டிய வீட்டு முற்றத்துக்கே வரும். குளம், வாய்க்கால் புறம்போக்கு என்றால் பேச்சே இல்லை. 2007-ஆம் ஆண்டின் ஏரி, குளங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஆக்கிரமிப்பை அகற்றுவார்கள். மேலே சொன்ன நவம்பர் தீர்ப்பின் பாதுகாப்பும் அங்கே இருக்காது.

மூன்றாவது கேள்வி: மனைக்கு அங்கீகாரம் உண்டா?

தோப்பை ஐந்து சென்ட், ஆறு சென்ட் என்று துண்டு போட்டு விற்பது நம் பகுதியில் சாதாரணம். 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லா மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அதன்பின் 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாக விற்கப்பட்டதற்குத்தான் அந்த வாய்ப்பு. மனை வாங்குகிறவர்கள் தாய்ப் பத்திரத்தின் தேதியைப் பாருங்கள். விற்கிற விவசாயிகளும் பாருங்கள், பின்னால் வாங்கியவர் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்.

என்ன செய்ய வேண்டும்?

1. அரசின் இ-சேவை இணையதளத்தில் உங்கள் சர்வே எண்ணுக்குரிய சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். நஞ்சையா புஞ்சையா, பக்கத்தில் வாய்க்கால், புறம்போக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

2. கடல், பொழிமுகம், ஆறு, கால்வாய் அருகில் என்றால், ஆட்சியர் தலைமையில் இயங்கும் மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கு எழுத்தில் கேளுங்கள். "இந்த சர்வே எண் சி.ஆர்.இசட்.டுக்குள் வருகிறதா? எந்த வகைப்பாடு? எந்த ஆண்டு வரைபடப்படி?" இந்த மூன்று கேள்விகள் போதும். வாய்மொழிப் பதிலை நம்பாதீர்கள். பதில் வரவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

3. கொத்தனார் கயிறு பிடிக்கும் முன் சர்வேயரை வைத்துக் கரையிலிருந்து அளந்து கல் நடுங்கள். தென்னை குறுக்கே வந்தால், இளம் மரமானால் பெயர்த்து நடலாம், காய்ப்பு மரமானால் இழப்பைக் கணக்கிட்டு முடிவு செய்யுங்கள். வீட்டைப் பெயர்த்து நட முடியாது.

4. சுயசான்று விண்ணப்பத்தை வேறொருவர் நிரப்பினாலும், அனுப்பும் முன் நீங்கள் ஒவ்வொரு வரியையும் படியுங்கள், அல்லது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கீழே இருப்பது உங்கள் உறுதிமொழி.

5. பழைய வீடு இருக்கிறவர்கள் பழைய வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை, பழைய ஆவணங்களைப் பத்திரமாக வையுங்கள். கட்டடம் கூடாத பகுதியிலும் முறையாக இருந்த பழைய வீட்டை, அதே அடித்தளப் பரப்புக்குள் பழுதுபார்க்கவும் திருப்பிக் கட்டவும் 2011 விதி இடம் தருகிறது. அது முன்பே இருந்தது என்று நிரூபிக்கக் கையில் காகிதம் வேண்டும்.

6. நோட்டீஸ் வந்தால் வாங்க மறுக்காதீர்கள், மறைத்தும் வைக்காதீர்கள். வேலையை அன்றே நிறுத்துங்கள். குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, நேரில் விளக்கம் சொல்ல வாய்ப்புக் கேளுங்கள். நோட்டீஸுக்குப் பிறகு அவசரமாகப் போடும் வார்ப்பு உங்களுக்கு எதிரான சாட்சி.

அந்தப் பெரியவரும் ஆறாவதைத்தான் செய்தார். வேலையை நிறுத்திவிட்டு, கால்வாயின் அகலத்தையும் சுவரின் தூரத்தையும் தம் முன்னிலையில் அளக்கக் கேட்டு மனு கொடுத்திருக்கிறார். 9 மீட்டர் என்பது சரிதான் என்று அளந்து வந்தால், பின்பக்கத்து அறையை இடித்துச் சுவரை உள்ளே தள்ளிக் கட்டி, திருத்திய வரைபடத்துடன் மீண்டும் விண்ணப்பிக்கத் தயாராக இருக்கிறார். மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. லிண்டில் மட்டத்துச் சுவர்கள் மழையில் நனைந்து நிற்கின்றன. பக்கத்தில் அந்த இரண்டு தென்னையும் நிற்கின்றன.

நாற்று நடும் முன் மண் பரிசோதனை செய்யுங்கள் என்று ஒவ்வொரு முகாமிலும் சொல்கிறோம். வீட்டுக்கும் அதேதான். செங்கல் இறக்கும் முன், சர்வே எண்ணை எழுதிக்கொண்டு ஒரு நாள் அலுவலகத்துக்குப் போய் வாருங்கள்.